சிறைவாயில் திறந்த சக்கரவர்த்தி

அசோகச் சக்கரவர்த்தியின் பெயரை அறியாதார் நம்முள் இலர். நமது இல்லங்களில் பிறக்கும் ஆண் மகவுக்கு அப்பெயரைச் சூட்டுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. நாட்டின் கொடியிலுள்ள சக்கரம் அவருடையது. நாணயத்திலுள்ள சிங்கங்கள் அவருடையவை. சாலையோரம் மரம் நட்டார், கிணறு வெட்டினார், மக்களுக்கும் மாக்களுக்கும் மருத்துவம் செய்வித்தார் என்று பள்ளிப் பிள்ளையும் ஒப்பிக்கும். யானும் பல்லாண்டு காலம் மேடைதோறும் இவற்றையே சொல்லி வந்தேன். பஞ்சாலையில் உழைத்து, இரவு ஷிப்டு முடிந்த பின் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் யான். அந்நாளில் எனக்குக் கிட்டிய நூல்கள் அவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வைகாசிப் பௌர்ணமியன்று, மத்தியச் சிறை ஒன்றில் உள்ளோர்க்குத் தம்மம் உரைக்க என்னை அழைத்திருந்தனர். வழக்கம்போல் அசோகரின் மரங்களையும் கிணறுகளையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்தார். ஆயுள் தண்டனை பெற்று 17 ஆண்டுகளை உள்ளே கழித்தவர் அவர் என்பதைப் பிறகு அறிந்தேன். இவ்வளவும் செய்த அந்த அரசர் சிறையில் கிடந்தவர்களுக்கு ஏதேனும் செய்தாரா என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை. தெரியாது என்று சொல்லவும் நாணி, வேறெதையோ பேசிச் சமாளித்து இறங்கிவிட்டேன். அந்த வெட்கமே என்னை மீண்டும் படிக்க வைத்தது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

அசோகர் மௌரியக் குலத்துச் சந்திரகுப்தரின் பேரர், பிந்துசாரரின் மைந்தர். இளமையில் உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் தந்தையின் ஆணையால் ஆட்சி நடத்தினார் என்ப. விதிசை நகரத்துத் தேவி என்னும் நங்கையை மணந்து மகிந்தரையும் சங்கமித்திரையையும் ஈன்றார் என்று இலங்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பிந்துசாரர் இறந்ததும் அரியணைக்காகப் பூசல் மூண்டது. உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்றே அசோகர் அரசெய்தினார் என்றும் அந்நூல்களே சொல்லும். இது மிகைக் கூற்று. அவருடைய கல்வெட்டொன்றில் சகோதர சகோதரிகளின் இல்லங்களைப் பற்றிய பேச்சு வருகின்றது. அனைவரையும் கொன்றவருக்கு அவ்வில்லங்கள் ஏது? ஆயினும் இரத்தம் சிந்தாமல் அரசு கைக்கு வரவில்லை என்பது மட்டும் உறுதி. கி.மு. 268-ஐ ஒட்டி அவர் முடிசூடினார்.

முடிசூடிய தொடக்க நாட்களைப் பற்றிக் கதையொன்று வழங்குகின்றது. வடமொழியில் உள்ள அசோகாவதானம் அதனை விரிக்கும். பாடலிபுத்திரத்தில் அவர் ஒரு சிறை கட்டினாராம். புறத்தே பார்த்தால் அழகிய மாளிகை, உள்ளே நரகம். கிரிகன் என்பவன் அதற்குக் காவலன். உள்ளே நுழைந்தவர் எவராயினும் வெளியேறலாகாது என்பது அவன் அரசரிடம் பெற்ற வரம். ஒருநாள் சமுத்திரர் என்னும் பிக்கு, அது சிறை என்று அறியாமல் பிச்சைக்காக உள்ளே வந்துவிட்டார். அவரைக் கொதிகலத்தில் இட்டனர். தீ எவ்வளவு மூட்டியும் நீர் சூடேறவில்லை. அவர் தாமரைமேல் அமர்ந்திருந்தார். செய்தி கேட்டு அசோகர் காண வந்தார். கண்டு மனம் மாறித் திரும்ப முற்பட்டபோது கிரிகன் வழிமறித்தான். நுழைந்தவர் வெளியேறலாகாது என்னும் விதி அரசருக்கும் உண்டென்றான். அப்படியாயின் முதலில் நுழைந்தவன் யார் என்று அரசர் வினவ, கிரிகன் தானே என்று ஒப்ப வேண்டியதாயிற்று. அவனை எரித்துவிட்டு, சிறையை இடித்துத் தரைமட்டமாக்கினார் அசோகர்.

சீன நாட்டிலிருந்து 5-ஆம் நூற்றாண்டில் வந்த பாஹியானும், 7-ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் இக்கதையைக் கேட்டு எழுதி வைத்துள்ளனர். இது வரலாறன்று, பிற்காலத்தார் புனைந்தது. எனினும் புனைந்தவர் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர். சிறையின் கொடுமை அதன் கொதிகலத்தைக் காட்டினும் அதன் வாயிலில்தான் உள்ளது. வெளியேற வழியே இல்லை என்னும் விதி, அதை வகுத்த அரசனையும் ஒருநாள் பிடித்துக்கொள்ளும். இக்கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. அரசருக்குத் திருந்தும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் ஏவலைச் செய்த கிரிகனுக்கு அது கிடைக்கவில்லை. கதை சொன்னவரின் கருணை அவ்விடத்தில் நின்றுவிட்டது.

நமது மணிமேகலை இவ்வகையில் ஒருபடி மேலானவள். அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டத்துள் நுழைந்து, கட்டுண்டு கிடந்தோரின் பசியைத் தீர்த்தாள். சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவினான். சிறைக்கோட்டத்தை அழித்து அதனை அறக்கோட்டமாக ஆக்கித் தருமாறு வேண்டினாள், மன்னனும் இசைந்தான். அங்கே எவரும் எரிக்கப்படவில்லை.

நிற்க. கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். அசோகர் தம் வாயாலேயே கூறியவை பாறைகளிலும் தூண்களிலும் உள்ளன. அவற்றுள் துயரம் மிக்கது கலிங்கப் போரைச் சொல்லும் 13-ஆம் பாறைக் கல்வெட்டு. முடிசூடி எட்டாண்டுகள் ஆனபின் அவர் கலிங்கத்தை வென்றார். சிறைபிடித்துக் கொண்டு செல்லப்பட்டோர் ஒன்றரை இலட்சம் பேர். களத்தில் மாண்டோர் ஓர் இலட்சம் பேர். அதன்பின் இறந்தோர் அதைப் போலப் பல மடங்கு. இக்கணக்கைச் சொன்னவன் தோற்ற அரசனல்லன், வென்ற அரசன். தன் குற்றத்தின் தொகையைத் தானே கல்லில் வெட்டுவித்த வேந்தன் வேறு எவனையும் யான் படித்ததில்லை.

அக்கல்வெட்டில் மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. போரிலே தாம் காயமுறாது தப்பியவரும், தம் நண்பர்க்கும் உறவினர்க்கும் நேர்ந்ததைக் கண்டு துன்புறுகிறார்களே என்று அசோகர் வருந்துகிறார். ஒருவனைப் பிடித்துக் கட்டினால் அக்கட்டு அவனோடு நில்லாது, வீட்டிலிருக்கும் தாயையும் மனைவியையும் சேர்த்துக் கட்டுகிறது என்பதை அவர் கலிங்கத்திலே கண்டுகொண்டார். பின்னாளில் சிறைக்கென அவர் இட்ட ஆணைகளில் இவ்வறிவே ஓடுகின்றது. தமக்குத் தீங்கு செய்தவனையும், பொறுக்கக் கூடிய மட்டும் பொறுத்தே ஆகவேண்டும் என்றும் அதே கல்லில் பொறித்தார். ஆயினும் காட்டில் வாழும் குடிகளுக்கு, யாம் வருந்தினோம் எனினும் எம் வலிமை குறையவில்லை என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கின்றது. அரசர் துறவியாகிவிடவில்லை.

பகவன் புத்தர் காலத்தில் அங்குலிமாலன் என்னும் கொலைஞன் மனம் மாறிப் பிக்குவானான். படையோடு அவனைப் பிடிக்கப் புறப்பட்ட கோசல மன்னன், காவி உடுத்த நிலையில் அவனைக் கண்டு வணங்கிச் சென்றான். அங்குலிமாலனை மன்னிக்க ஓர் அரசன் இருந்தான். அசோகரை மன்னிக்க அவருக்கு மேல் அரசன் எவனும் இல்லை. ஆதலின் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைக் கொண்டே அவர் அக்கடனைத் தீர்க்க முற்பட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மனமாற்றமும் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. உபாசகராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்றும், முதல் ஓராண்டில் தாம் ஊக்கத்தோடு முயலவில்லை என்றும், சங்கத்தை அணுகிய பின்னரே ஊக்கம் பிறந்தது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். இச்செய்தியைத் தாங்கிய சிறு பாறைக் கல்வெட்டுகளுள் ஒன்று கருநாடகத்து மஸ்கியில் 1915-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. மற்றைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் பிரியதர்சி என்றே கூறிக்கொள்பவரை அசோகர் என்று பெயர் சுட்டியே அழைக்கும் சிறப்பு அக்கல்லுக்கு உண்டு. திருந்தத் தொடங்கியவன் முதலாண்டிலே தளர்வது இயல்பு என்பதைச் சக்கரவர்த்தியே சொல்லியிருக்கிறார் என்றால், நம்முள் தளர்ந்தோர்க்கும் அஃது ஆறுதலன்றோ!

முடிசூடிய 13 ஆண்டுகளுக்குப் பின் அவர் தம்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளை ஏற்படுத்தினார். அதற்கு முன் அத்தகைய பதவி இருந்ததில்லை என்பது அவர் கூற்று. இவர்களின் பணிகளுள் ஒன்று சிறையைப் பற்றியது. சிறைப்பட்டோர்க்கு உதவி அளித்தல், தளைகளை நீக்குதல், விடுதலை செய்தல் என மூன்று செயல்களை 5-ஆம் பாறைக் கல்வெட்டு கூறும். எவரை விடுவிப்பது? அதற்கும் மூன்று நோக்குகளை அவர் வகுத்தார். அவனை நம்பிய பிள்ளை குட்டிகள் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறர் தூண்டுதலாலோ, மாயத்துக்கு ஆட்பட்டோ அதனைச் செய்தானா என்று பார்க்க வேண்டும்; இவ்விடத்துச் சொல்லுக்கு அறிஞர் பலவாறு பொருள் கொள்வர். முதுமை அடைந்தவனா என்றும் பார்க்க வேண்டும்.

இம்மூன்றையும் படித்தறிந்த பின் யான் மறுபடியும் அச்சிறைக்குச் சென்றேன். முன்பு விடை சொல்லாமல் போனதற்கு எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். பின்பு மூன்று நோக்குகளையும் விளக்கினேன். அம்முதியவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். வயது தமக்கு ஆகிவிட்டது என்று முதல் விரலை மடக்கினார். ஒரு மகள் இருப்பதாகவும், தாம் உள்ளே வந்தபோது அவள் தொட்டிற் குழந்தை என்றும் சொல்லி இரண்டாம் விரலை மடக்கினார். மூன்றாவது விரலுக்கு வந்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். எவரும் தூண்டவில்லை, யானே செய்தேன் என்று சொல்லி, அவ்விரலை நீட்டியபடியே கையை மடியில் வைத்துக்கொண்டார். 17 ஆண்டுகளில் சிறை அவருக்குக் கற்பித்தது அவ்விரலில் இருந்தது. அசோகரின் அதிகாரி அங்கே வந்திருந்தால், அந்நீட்டிய விரலைக் கண்டே அவரை விடுவித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

இனி, கலிங்க நாட்டுக்கு வருவோம். புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் உள்ளன. கஞ்சம் 1936 வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. மற்றை இடங்கள் பலவற்றில் கலிங்கப் போரைச் சொல்லும் 13-ஆம் கல்வெட்டு, கலிங்கத்திலேயே உள்ள இவ்விரண்டு பாறைகளிலும் இல்லை. பிணம் விழுந்த வீட்டிலே சென்று, கொன்றவனே கொலைக் கணக்கை வாசிப்பது தகாது என்று எண்ணினார் போலும். அதற்கு மாறாக வேறு இரு ஆணைகள் அங்கே வெட்டப்பட்டன. மக்கள் அனைவரும் தம் மக்கள் என்னும் புகழ்பெற்ற கருத்து அவற்றில்தான் உள்ளது. நம் மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் அக்கருத்து, நகரத்து நீதி அதிகாரிகளுக்கு எழுதப்பட்ட ஆணையில், சிறையையும் வதையையும் பற்றிப் பேசுவதற்கு முன்னுரையாக வருவதை அறிந்தோர் சிலரே.

அவ்வாணையின் சாரம் யாதெனில், காரணமின்றி எவரும் சிறைப்படவோ வதைபடவோ கூடாது. அதற்காகவே அதிகாரிகள் அமர்த்தப்பட்டுள்ளனர் என்பதாம். ஓரிடத்தில், ஒருவன் தற்செயலாகச் சிறையிலிருந்து விடுதலை பெறுகிறான், அவனை ஒத்த மற்றவர் பலரோ உள்ளே துன்புற்றுக் கிடக்கின்றனர் என்று அரசர் குறைகூறுவதாக அறிஞருள் ஒருசாரார் பொருள் கொள்வர். தற்செயலாகக் கிட்டும் இரக்கம் இரக்கமன்று என்பது அவர் கருத்தானால், இன்றைய அதிகாரிகளும் படிக்க வேண்டிய கருத்து அது.

அதிகாரி தவறுவதற்குரிய காரணங்களையும் அவர் அடுக்குகிறார். பொறாமை, சினம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு என ஏழு. முன்னைய ஆறும் எந்த நீதி நூலிலும் இருக்கும். ஏழாவதைக் கண்டதும் யான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். யான் வேலை செய்த ஆலையில், விடியற்காலை மூன்று மணிக்கு, கண் எரியும் வேளையில், மேஸ்திரி ஒருவர் அபராதப் புத்தகத்தில் தவறான ஆளின் பெயரை எழுதினார். எழுதப்பட்ட பெயர் என்னுடையது. அரை நாட் கூலி போயிற்று. அம்மேஸ்திரி கொடியவரல்லர், என் மீது அவருக்குப் பொறாமையும் இல்லை, இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்று களைத்திருந்தார், அவ்வளவே. அரை நாட் கூலியைக் களைத்த கை எடுக்குமானால், ஒருவனுடைய இருபதாண்டு வாழ்வையும் களைத்த கை எடுத்துவிடும். பாடலிபுத்திரத்து அரியணையில் இருந்தவர்க்கு இது தெரிந்திருந்தது.

தெரிந்ததோடு அவர் அமையவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, கொடுமையற்ற, சினமற்ற அதிகாரி ஒருவரை ஆய்வுக்கு அனுப்புவதாக அறிவித்தார். உஜ்ஜயினியிலும் தட்சசீலத்திலும் உள்ள அரசிளங்குமரர் மூன்றாண்டுக்கு மேற்படாமல் அவ்வாறே அனுப்ப வேண்டும் என்றார். திஸ்ய நாளில், அதாவது நாம் பூசம் என்று வழங்கும் நாளில், இவ்வாணையைப் படித்துக் கேட்பிக்க வேண்டும். இடையிலும், கேட்பவர் ஒருவரே ஆயினும் படிக்க வேண்டும் என்று விதித்தார். அதிகாரிகளின் மறதியை அவர் நன்றாக அறிந்தவர்.

ஆண்டுகள் சென்றன. முடிசூடிய 26 ஆண்டுகளுக்குப் பின், தூண்களில் ஆணைகள் வெட்டப்பட்டன. 4-ஆம் தூண் கல்வெட்டில், பல இலட்சம் மக்களின் மீது அதிகாரம் பெற்ற இராஜுகர் என்னும் அதிகாரிகளிடம் நீதியும் தண்டனையும் ஒப்படைக்கப்பட்டதைக் காண்கிறோம். வழக்கிலும் சமம், தண்டனையிலும் சமம் இருக்க வேண்டும் என்பது அங்கே அவர் கொண்ட நெறி. பிறப்பைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டியும் குறைத்தும் விதித்த நூல்கள் வழங்கிய நாட்டில் இச்சொற்கள் கல்லில் ஏறின என்பதை நம்மவர் மறத்தலாகாது. அதே கல்வெட்டில், மரண தண்டனை விதிக்கப்பட்டுச் சிறையில் இருப்போர்க்கு மூன்று நாள் தவணை அளிக்கப்படுகிறது. அம்மூன்று நாட்களில் உறவினர் முயன்று உயிர்ப்பிச்சை வேண்டலாம். வேண்டுவோர் இல்லையாயின், குற்றவாளி தானம் செய்தோ உபவாசம் இருந்தோ மறுமைக்கு ஆயத்தமாகலாம்.

மூன்று நாள் என்பது மிகச் சிறிது. மரண தண்டனையை அசோகர் அறவே ஒழிக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவோரும் உண்டு. யான் மறைக்க விரும்பவில்லை. கலிங்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்ட ஒன்றரை இலட்சம் பேர் ஊர் திரும்பினர் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உயிர்க்கொலையை விலக்கிய அரசர், சமையற் கூடத்தில் மயிலையும் மானையும் எண்ணிக் குறைத்தவர், தூக்குமேடையில் மூன்று நாளோடு நின்றது ஏன் என்று பிக்கு ஒருவரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பேரரசை ஆள்பவனின் அச்சம் அவரிடம் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது என்றே கொள்கிறேன்.

5-ஆம் தூண் கல்வெட்டின் இறுதியில் யான் தேடிய விடை இருந்தது. அக்கல்வெட்டு பெரும்பாலும் கொல்லத் தகாத பறவைகளையும் விலங்குகளையும் பட்டியலிடுவது. கிளி, நாகணவாய், அன்னம், ஆமை என்று நீண்டு செல்லும் அப்பட்டியலைக் கடந்து, கடைசி வரிக்கு வந்தால், முடிசூடிய 26 ஆண்டுகளுக்குள் 25 முறை சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர் என்ற செய்தி நிற்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை, முடிசூட்டு நாளை ஒட்டி இது நடந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவர்.

அரசன் சிறையைத் திறப்பது அசோகர் கண்டுபிடித்த வழக்கமன்று. அர்த்தசாத்திரமும் இதனைக் கூறுகின்றது. அரசனின் பிறந்த நட்சத்திரத்திலும் பௌர்ணமியிலும் சிறுவர், முதியோர், நோயாளர், ஆதரவற்றோர் ஆகியோரை விடுவிக்கலாம். புது நாட்டை வென்றபோதும், இளவரசனுக்குப் பட்டம் சூட்டும்போதும், அரசனுக்கு மகன் பிறந்தபோதும் விடுவிக்கலாம் என்பது அந்நூல். அங்கே விடுதலை என்பது அரசனின் மகிழ்ச்சியிலிருந்து சிந்தும் துளி. மகன் பிறக்காத ஆண்டில் கைதிக்கு என்ன வழி? அசோகரிடத்திலோ, அதற்கென அதிகாரியும் உண்டு, ஆராய வேண்டிய நோக்குகளும் உண்டு, ஆய்வு செய்வோரும் உண்டு. உள்ளே கிடப்பவன் கூப்பிடுமுன் ஒருவர் சென்று அவன் வீட்டையும் வயதையும் விசாரிக்கிறார். இவ்வேறுபாட்டையே யான் பெரிதாகக் கருதுகிறேன்.

இச்செய்தியைத் தாங்கிய தூண்களுள் ஒன்று தோப்ராவில் இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதன் அழகைக் கண்டு, பஞ்சணையில் சாய்த்து, 42 சக்கரங்கள் பூட்டிய வண்டியில் ஏற்றி, யமுனையில் படகு வழியாகத் தில்லிக்குக் கொண்டுவந்தார். அதிலுள்ள எழுத்தைப் படிக்கப் பண்டிதர்களை அழைத்தார், எவராலும் இயலவில்லை. 25 முறை சிறை திறந்த செய்தி, நகரத்தின் நடுவே எல்லோர் கண்ணுக்கும் தெரிய நின்றும், படிப்பார் இன்றி ஊமையாய் நின்றது. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அவ்வெழுத்தைப் படித்தார்.

அதற்குப் பின் நூற்றுப் பத்தாண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. சாரநாத்துச் சிங்கங்கள் அரசின் முத்திரையாயின. பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையேற்று வரைந்த அரசியலமைப்பில், தண்டனையைக் குறைக்கவும் மன்னிக்கவும் குடியரசுத் தலைவருக்கு 72-ஆம் பிரிவும், ஆளுநருக்கு 161-ஆம் பிரிவும் அதிகாரம் தருகின்றன. அப்பெருமகனார் 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தீட்சை பெறத் தேர்ந்த நாளும் அசோக விஜயதசமியே. மரண தண்டனையும் விதிக்கத் தக்க குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டுகளேனும் உள்ளிருந்தாக வேண்டும் என்று 1978-இல் சட்டமியற்றினர். 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. 14 ஆண்டுகள் ஆனதும் கதவு தானே திறந்துவிடும் என்று நம்முள் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, அன்றுதான் மனுவைப் பற்றிய பேச்சே தொடங்கும். யான் சொன்ன முதியவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். 14 ஆண்டுகள் கடந்தும் மனு எழுத வகையறியாது இரண்டாண்டுகள் சும்மா இருந்திருக்கிறார். பக்கத்து அறைக்கு வந்த இளைஞன் ஒருவன்தான் பிறகு எழுதிக் கொடுத்தான். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், விடுதலைக்கென விதிமுறை வகுத்துள்ள மாநிலங்கள் கைதியின் மனுவுக்குக் காத்திராமல், தகுதி எய்திய ஒவ்வொருவரைப் பற்றியும் தாமே ஆராய வேண்டும் என்று கூறியது. தம்ம மகாமாத்திரர் செய்த வேலை அதுவேயன்றோ!

அசோகரின் கடைசி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். கி.மு. 232-ஐ ஒட்டி அவர் மறைந்தார். அதனைப் பற்றிக் கல் ஒன்றும் பேசவில்லை. மீண்டும் அசோகாவதானத்தின் கதையே உள்ளது. முதுமையில் நோயுற்றுக் கிடந்த சக்கரவர்த்தி, குக்குடாராமத்துச் சங்கத்துக்கு வாரி வழங்கிக்கொண்டே இருந்தாராம். கருவூலம் வற்றிவிடும் என்று அஞ்சிய அமைச்சர்கள், அவருடைய ஆணை கருவூலத்தில் செல்லாதபடி பேரன் மூலம் தடுத்தனர். அவர் தாம் உண்ட பொற்கலத்தை அனுப்பினார். மறுநாள் வெள்ளிக் கலத்தில் உணவு வந்தது. அதையும் அனுப்பினார், இறுதியில் மண்கலத்தில் வந்தது. தம் அரண்மனையிலேயே அவர் கைதியானார். இந்நாட்டுக்கு உடையவர் யார் என்று சூழ்ந்திருந்தோரை அவர் கேட்க, தாங்களே என்று அவர்கள் வணங்கிச் சொன்னார்கள். அஃது உண்மையன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கையில் எஞ்சியது பாதி நெல்லிக்கனி.

நெல்லிக்கனி என்றதும் நம்மவர்க்கு ஔவைக்கு ஈந்த அதியமான் நினைவு வரும். அசோகரின் கல்வெட்டில் சோழர் பாண்டியரோடு எண்ணப்படும் சத்தியபுத்திரர், அவ்வதியமான் மரபினரே என்பதை 1981-இல் கிடைத்த ஜம்பைக் கல்வெட்டு காட்டிற்று. அதியமான் கொடுத்தது முழுக்கனி. அசோகரிடம் இருந்தது பாதியே. அதனை ஓர் ஆளிடம் கொடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்ட தேரர், அதனை ஒருவருக்கு என்று ஒதுக்காமல், அரைத்துக் கஞ்சியில் கலக்கச் சொன்னார். அன்று குக்குடாராமத்தில் இருந்த பிக்குகள் அனைவரின் கலத்திலும் அது சிறிது சேர்ந்தது.